சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய இடம்

1

பயணத்தின் நோக்கம் என்ன என்று விசா அதிகாரி கேட்டார். சைக்கிள் ஓடுவதற்கு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த அறுபத்திரண்டு வயதுக் கறுத்த மனிதர் ஒருவர், அதாவது நான், நின்றுகொண்டிருந்தார். எங்கே ஓடப் போகிறீர்கள் என்றார். யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளில் என்று விளக்கினேன். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் மாவட்ட அரசாங்க அலுவலகமான மன்னார்க் கச்சேரியில் காணிக் கிளையில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். நம்பக்கூடிய பதிலைச் சொல்கிறவனைத்தான் அதிகாரிகள் சந்தேகிப்பார்கள். பொய் சொல்ல வந்தவன் இப்படியொரு பதிலை யோசித்து எடுத்திருக்க மாட்டான். விசா கிடைத்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், கனடாவில் இருக்கிறவனுக்கு அமெரிக்கா போக விசா எதற்கு என்று கேட்கக்கூடும். கனடியப் பிரசைக்கு வேண்டாம். நான் பிரசை அல்ல. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பாதிப்பேருக்குக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். எந்தப் படத்தின் பின்பக்கம் யார் ஒப்பமிட வேண்டும், எந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் கோடு கீறினால் போதும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னுடைய விண்ணப்பத்தை மட்டும் நிரப்பவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கேற்ற காரணம் ஒன்று வைத்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது அகதிகளுக்கு இந்த நாடு கொடுக்கும் பயணப் புத்தகம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அரசாங்க வாசகங்கள் எத்தனையோ வாசித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஒரு மனிதனின் நிலைமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வாசகத்தை வேறெங்கும் கண்டதில்லை. நான் ஐஸ்லாந்துக்குப் போகலாம். பராகுவேக்குப் போகலாம். மன்னாருக்குப் போக ஏலாது. என் மனைவி திரேசா அங்கே சேமக்காலையில் இருக்கிறாள். நவம்பர் மாதம் வந்தால் அவளுடைய கல்லறைக்கு யார் வெள்ளையடிக்கிறார்கள் என்று விசாரிப்பதை இப்போது விட்டுவிட்டேன். விசாரித்தால் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

2

மகள் றெஜினா பதினாறு வயதில் என்னோடு வந்தவள். இங்கே பள்ளிக்கூடம் முடித்து, பிரசையாகி, பல்கலைக்கழகத்தில் புவியியல் அல்ல, புவிச்சரிதவியல் படித்தாள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நான் பலருக்கு விளக்க வேண்டியிருந்தது. கல்லைப் பற்றிய படிப்பு என்று சுருக்கமாகச் சொன்னால், கேட்டவர் முகத்தில் செத்த வீட்டுக்கு வந்த பாவனை தோன்றும். பிறகு மேற்படிப்புக்கென்று யூட்டாவுக்குப் போனாள். ஐம்பதுகளில் யுரேனியம் தேடி வந்தவர்கள் அங்கே மலைகளைக் குடைந்து, பாதை வெட்டி, விலை விழுந்ததும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். எந்தச் சுரங்க வாயை எப்படிப் பாதுகாப்பாக மூடுவது என்பது அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள்.

அந்த இரண்டு வருடத்தையும் நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸ் என்ற நகரில் கழித்தேன் என்றே சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ரயில் ஏறி அங்கே போவேன். புதிதாகக் கட்டும் தெருக்களில் மாதிரி வீடு என்று ஒன்றை அலங்கரித்து வைத்திருப்பார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். கீழே எனக்கொரு அறை, மேலே பின்பக்க யன்னலோடு அவளுக்கொரு அறை, அவளுடைய கற்களுக்கு நிலவறை என்று எந்த வீட்டிலும் எங்களைக் குடியேற்றிப் பார்ப்பேன். விற்பனைக்கு நிற்கும் பெண் என்னை அடையாளம் கண்டு கோப்பி ஊற்றித் தரும் அளவுக்கு ஆகிவிட்டது. மகள் வந்ததும் முடிவு எடுப்போம் என்பேன். அவளும் தலையாட்டுவாள். அவளுக்கும் அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது.

படிப்பு முடியச் சில மாதங்கள் இருக்கும்போது றெஜி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஈஸ்டருக்கு நீங்கள் இங்கே வாருங்கள், உங்களோடு மலைச் சைக்கிளில் ஒரு சுற்றுப் போக வேண்டும், ஒரு விஷயமும் கதைக்க வேண்டும் என்றாள். விஷயத்தை இப்போதே சொல்லலாமே என்றேன். சைக்கிளில் போகும்போது சொல்கிறேன் என்றாள். ஒரு தகப்பனை ஒரு கண்டத்தின் பாதியைத் தாண்ட வைத்துச் சொல்லக்கூடிய விஷயங்கள் மூன்றுதான். கலியாணம், நோய் வருத்தம், அல்லது திரும்பி வரவில்லை என்பது. முதலாவதாக இருக்க வேண்டும் என்று செபமாலை சொன்னேன். மாப்பிள்ளை எந்த நாட்டவராக இருந்தாலும் ஆட்சேபனை இல்லை என்ற குறிப்போடு.

விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவர் சலீம் நானா. மன்னார்ச் சந்தைக்கு அருகே சைக்கிள் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது, எருக்கலம்பிட்டிக்காரர் எல்லோரும் போல அவரும் கையில் கொண்டுபோகக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். இப்போது மிசிசாகாவில் ஒரு கார் கராஜில் வேலை. வயதில் என்னைவிட மூத்தவர். இருந்தாலும் கச்சேரியை மறக்காமல் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார். வழி நெடுக என்னைக் கேலி செய்துகொண்டே வந்தார்.

"இந்த வயசுல பாலைவனத்துக்குப் போறது எங்கட ஆக்கள் ஐயா, ஹஜ்ஜுக்கு. அதுக்கும் ஒரு நிய்யத்து, ஒரு நோக்கம் வேணும். நீங்க எதுக்குப் போறீங்க?"

பிள்ளை கூப்பிட்டாள், போகிறேன் என்றேன். பெட்டியை இறக்கிக் கொடுக்கும்போது, அங்கே கழுதை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். மன்னாரில் கழுதைகள் வீதிக்கு நடுவே நிற்கும். வாகனம்தான் சுற்றிக்கொண்டு போகும். ரொறன்ரோவில் வேறு யாரிடமும் அவர் இதைச் சொல்லியிருக்க முடியாது.

3

கழுதை நின்றது. விமான நிலையத்தில் இருந்து றெஜியின் பிக்கப்பில் பல மணித்தியாலம் ஓடிய பிறகு, சாம்பல் நிறப் பற்றைகளுக்கு நடுவே இரண்டைக் கண்டேன். சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வம்சம் என்று றெஜி சொன்னாள். நான் பிக்கப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். உடைமரம் போன்ற முள், உப்புப் படிந்த தரை, கண்ணைக் கூச வைக்கும் வெயில், அதற்குள் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்த இரண்டு கழுதைகள். மண் மட்டும் சிவப்பு. மண்ணைப் பார்க்காமல் நின்றால் நான் மன்னாரில் பேசாலைக்குப் போகும் வழியில் நின்றேன்.

அவள் இருந்தது ஒரு சின்ன ஊரில், மரப்பலகையால் கட்டிய வாடகை வீடு. கோப்பி தந்தாள், சோறும் மீன் குழம்பும் சமைத்து வைத்திருந்தாள். தகரத்தில் அடைத்த மீன், புளி காணாது. ஆனாலும் திரேசாவின் கைப்பதம் இருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே கொல்லையில், மண்ணைக் கொத்திப் பாத்தி பிடித்து, முயல் கடிக்காமல் கம்பி வலை அடித்து, அப்ரிகொட் என்னும் பாதாமிக் கன்றுகள் இரண்டு நட்டிருந்தாள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரச காணியில் அத்துமீறிக் குடியேறியவர்களை விசாரணை செய்வது காணிக் கிளையின் வேலை. தற்காலிகமாகத்தான் இருக்கிறோம் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, வளவுக்குள் என்ன நட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கத்தரியும் மிளகாயும் நின்றால் நம்பலாம். தென்னையோ மாவோ நின்றால், அவர்கள் போகப் போவதில்லை. அதற்கென்று அறிக்கையில் தனி நிரலே உண்டு, நீண்டகாலப் பயிர் என்று.

பாதாமி காய்க்க நாலைந்து வருடம் ஆகும். என் செபமாலைக்கு அந்தக் கொல்லையில் பதில் கிடைத்துவிட்டது. துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மீன் எப்படி அப்பா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

4

அடுத்த நாள் காலை புறப்பட்டோம். ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி வரும் பாதை. சுரங்க லொறிகளுக்காக வெட்டியது. இப்போது லொறியும் இல்லை, சுரங்கமும் இல்லை, வழியில் ஒரு சீவனும் இல்லை. தன் சிநேகிதனின் சைக்கிளை எனக்கு இரவல் வாங்கி வைத்திருந்தாள். மணி இல்லை, மட்காட் இல்லை, கரியர் இல்லை. இத்தனை குறைகளோடு இருக்கும் சைக்கிளுக்கு ஊரில் நகரசபை உரிமத் தகடு கொடுத்திருக்காது என்றேன். அவள் சிரித்தாள். காணி பார்ப்பதற்காக மடுக் காடு வரை சைக்கிளில் போய்வந்த கால்கள் என்னுடையவை. இங்கேயும் நூலகத்துக்கும் கோயிலுக்கும் சைக்கிள்தான். ஆகவே ஏற்றத்தில் நான் பின்தங்கவில்லை. அவள்தான் ஆச்சரியப்பட்டு அடிக்கடி திரும்பிப் பார்த்தாள்.

செங்குத்தான பாறைகள் இரண்டு பக்கமும் உயர்ந்து நின்றன. வழியில் சுரங்க வாய்களைக் காட்டினாள். சிலவற்றுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது. வௌவால்கள் போய்வருவதற்காக இடைவெளி விட்டுப் போடுவார்களாம். உள்ளே இருந்து வந்த குளிர்காற்று முகத்தில் பட்டது. ஒவ்வொன்றிலும் நின்று ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கினாள். தமிழில் தொடங்குவாள், வினைச்சொல் வருவதற்குள் ஆங்கிலம் வந்து வாக்கியத்தைக் கொண்டுபோய்விடும். அவள் சொன்னதில் பாதி விளங்கவில்லை. ஆனால் இப்படிக் கதைக்கிறவளை நான் ரொறன்ரோவில் கண்டதில்லை என்பது விளங்கியது. விஷயத்தை மட்டும் அவள் தொடங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உச்சிக்குப் போய் இறக்கத்தில் திரும்பிய பிறகு என்னை முன்னால் விட்டாள். பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. வளைவு முடிந்த இடத்தில் பலகைக் கொட்டில் ஒன்று நின்றது. சுரங்கத்தின் காவற்காரனுக்குக் கட்டியதாக இருக்க வேண்டும். பாதி சரிந்துவிட்டது. பாதையைப் பார்த்தபடி இருட்டான ஒரு சதுர யன்னல். அதன் அருகே துருப்பிடித்த இரும்புக் கம்பத் தடை, மேலே தூக்கியபடி.

நான் இறங்கிவிட்டேன்.

யோசித்துச் செய்த காரியம் அல்ல. மன்னார்ப் பாலத்து இராணுவக் காவலரணுக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போக வேண்டும். கந்தோருக்கு வேலைக்குப் போகவும் வரவும் வருடக் கணக்கில் இதைச் செய்தவன். யன்னலுக்குள் ஆள் தெரிகிறதா என்று பார்க்கக் கூடாது. ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இறங்குவதுதான் ஒழுங்கு. இங்கேயும் தொப்பி கைக்கு வந்துவிட்டது. மற்றக் கை சட்டைப் பைக்குள் போய்ப் பயணப் புத்தகத்தை எடுத்துவிட்டது.

வளைவில் வேகமாக வந்த றெஜி, பாதையின் நடுவில் நான் நிற்பதைக் கண்டு சைக்கிளை வெட்டித் திருப்பினாள். சில்லு மணலில் புதைந்தது. அவள் கல்லுக் குவியலில் போய் விழுந்தாள். ஓடிப் போனேன். முழங்கை உரசியிருந்தது. அது பரவாயில்லை. வலது கணுக்கால் திரும்பிவிட்டது. சப்பாத்தைத் தளர்த்தும்போதே வீங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், என் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் தொப்பி, மற்றதில் புத்தகம்.

"ஆருக்கப்பா காட்டுறியள்?"

நான் புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன். அவள் திரும்பிக் கொட்டிலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"நான் இந்த வழியால கனதரம் போயிருக்கிறன். எனக்கு இது ஒரு நாளும் ஆமிச் சென்றி மாதிரித் தெரியேல்லை அப்பா. வெறும் கொட்டில்."

5

பிக்கப் கீழே நாலு மைல் தூரத்தில் நின்றது. அவளால் கால் ஊன்ற முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசிக்கு அங்கே தொடர்பு கிடைக்காது. உதவிக்கு ஆளைக் கூட்டிவருகிறேன் என்றால் அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவளுடைய சைக்கிளைக் கொட்டிலுக்குப் பின்னால் படுக்க வைத்தேன். என் கம்பளிச் சட்டையை மடித்துச் சைக்கிள் பாரில் கட்டினேன்.

ஏறு என்றேன். பகிடியா என்பது போலப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் ஏறி, காலை ஒரு பக்கம் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு மறக்கவில்லை. இறக்கத்தில் இரண்டு பிறேக்கும் பிடித்தபடி மெல்ல விட்டேன். மேடு வந்த இடத்தில் நான் இறங்கித் தள்ளினேன். அவள் பாரிலேயே இருந்தாள்.

நாங்கள் சைக்கிளில் டபிள்ஸ் போன சனம். எங்கள் குடும்பங்களில் முக்கியமான கதைகள் பெரும்பாலும் சைக்கிளில்தான் நடந்தன. மேசைக்கு முன்னால் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததைப் பாரில் இருக்கிற ஆள் வீதியைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம். ஓடுகிறவர் முன்னால் இருக்கிற தலையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லலாம். தன் வருத்தம் மாறாது என்று டாக்டர் சொன்னதைத் திரேசா எனக்கு அப்படித்தான் சொன்னாள், ஆஸ்பத்திரியில் இருந்து வரும் வழியில். நான் தொடர்ந்து சைக்கிளை உழக்கினேன்.

"அப்பா."

"சொல்லு."

"இஞ்ச எனக்கு வேலை தாறம் எண்டு சொல்லியிருக்கினம். உந்தச் சுரங்கமெல்லாம் மூடுற வேலை. நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. அப்பாவைக் கேட்டிட்டுத்தான் சொல்லுவன் எண்டனான். வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, நான் வாறன். கோவமில்லாமல் வாறன்."

அவள் சொன்னால் செய்வாள். வேண்டாம் என்ற ஒரு சொல்லில் அஜக்ஸ் வீட்டின் மேல்மாடி யன்னலுக்குத் திரைச்சீலை போட்டுவிடலாம். எனக்கு அந்தச் சொல் வாயில் இருந்தது. ரொறன்ரோவில் என்ன குறை என்று கேட்டேன். தாமதிப்பதற்காகக் கேட்டதுதான்.

ரொறன்ரோவிலும் தான் இறங்கி இறங்கித்தான் போவதாகச் சொன்னாள். கலியாண மண்டப வாசலில், கோயில் முற்றத்தில், தமிழ்க் கடையில் எந்த அன்ரியைக் கண்டாலும் நின்று கணக்குக் கொடுக்க வேண்டும். என்ன படிக்கிறாய், எப்போது முடிக்கிறாய், தகப்பனை விட்டுவிட்டு ஏன் போனாய். அவர்கள் நல்லவர்கள், அது தனக்குத் தெரியும் என்றாள்.

"இஞ்ச நான் ஓடிக்கொண்டே போகலாம். ஒருத்தரும் மறிக்கிறேல்லை. அவ்வளவுதான் அப்பா."

முன்னால் இருந்த தலையைப் பார்த்தேன். தலைமயிரில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. பிடரியில் திரேசாவுக்கு இருந்த அதே சுழி. பாதை ஒரு காய்ந்த ஓடையைத் தாண்டியது. தாண்டி மறு கரை ஏறும் வரை நான் இறங்கித் தள்ளினேன். பிறகு எனக்குத் தெரிந்த முறையில் பதில் சொன்னேன்.

"வேலை தாறவையிட்ட ஒரு கடிதம் வாங்கு. அதில தொழிலின்ர பெயர் புவிச்சரிதவியலாளர் எண்டே இருக்கவேணும், வேற அலங்காரம் ஒண்டும் வேண்டாம். பட்டச் சான்றிதழ் மூலப் பிரதி கொண்டு போ. கனடியப் பிரசை எண்டதுக்கு அத்தாட்சி கொண்டு போ. வேலை அனுமதியை எல்லையிலயே தருவாங்கள், முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை. வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும். தற்காலிகமாத்தான் இருக்கப் போறன் எண்டு சொல்லவேணும்."

அவள் அசையவில்லை.

"மரம் நட்டதைச் சொல்லாதை."

ஹாண்டிலைப் பிடித்திருந்த கைகள் இறுகின. தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னால் இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. சைக்கிள் ஆடாமல் பிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது.

பிக்கப் கண்ணுக்குத் தெரிந்தபோது, என்னையும் அந்த அனுமதியில் சேர்க்க முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றேன். புருஷனையும் பிள்ளைகளையும் சேர்க்கலாம். தகப்பனுக்கு அந்த விதியில் இடம் இல்லை. நான் அதை ஏற்கனவே பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும்.

6

ஸ்காபரோவுக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. கணுக்கால் சுகம் என்று றெஜி சொன்னாள். எல்லையில் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்ததாம். கடிதத்தில் தொழிலின் பெயரைச் சரியாகப் போட்டிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து நான் இப்போது நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கழுதை நின்றது என்று சலீம் நானாவிடம் சொன்னபோது, எத்தனை நின்றது, எப்படி நின்றது என்று எல்லாம் விபரமாகக் கேட்டார். மகள் எப்போது வருகிறாள் என்று கேட்கவில்லை.

வீட்டில் குடியிருப்போர் தொகையில் மாற்றம் ஏற்பட்டால் கட்டட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது குத்தகை நிபந்தனை. ஒப்பமிடுகிறவர்கள் எவரும் அதை வாசிப்பதில்லை. நான் வாசித்திருந்தேன், ஆகவே அறிவித்தேன். அடுத்த நாள் கட்டடப் பொறுப்பாளர் ஒரு சின்னத் திருப்புளியோடு என் கதவைத் தட்டினார். முன்வாசலில், வருகிறவர்கள் அழைப்பு மணி அமுக்கும் பலகையில், எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்றைக் கழற்ற வேண்டும், குடியில்லாதவரின் பெயர் இருக்கக் கூடாது என்பது ஒழுங்கு என்றார். அவர் சொன்னது சரி. எந்தப் பந்தியில் இருக்கிறது என்று அவருக்கே என்னால் காட்டியிருக்க முடியும்.

இருக்கட்டும் என்றேன். நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, ஒழுங்கை இன்னொரு தரம் விளக்கினார். நான் அதையே இன்னொரு தரம் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

முன்வாசல் பலகையில் நாங்கள் இரண்டு பேரும் இன்னமும் குடியிருக்கிறோம்.